கத்திப்பாராவில் ஏறிய முள்

மே 4
அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் போகும் வழி. சென்னை கத்திப்பாரா சந்திப்புக்கு முன்னால் இருபது நிமிடம் கார் நகரவில்லை. டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போனது. ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுக்கத் திறந்தேன். "இந்த வெயில்ல ஹீட்டராடா?" என்றார் அம்மா. இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும், வேறு வழியில்லை. மீனம்பாக்கம் பக்கம் வேகம் பிடித்ததும் முள் தானாக இறங்கியது.

மே 5
பக்கத்து ஒர்க்‌ஷாப்பில், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடுதான் கேஸ்கட். அது போயிருந்தால் ஓடும்போதும் சூடு பெரும்பாலும் குறைந்திருக்காது. காலையில் இன்ஜின் ஆறியிருந்தபோதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்) ஸ்டார்ட் செய்து பார்த்தேன். குமிழி வரவில்லை. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த டீ நிறமும் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. கேஸ்கட் போனதற்கான அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் ரேடியேட்டரில் இருந்தது கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) அல்ல, துருநிறத் தண்ணீர். யாரோ போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

மே 6
நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதலில் ஃபேனைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன் மட்டுமே துணை. ஏசியைப் போட்டேன், ஃபேன் அசையவில்லை. பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்தேன். சர்ரென்று சுற்றியது! மோட்டாரில் குறையில்லை. ஃப்யூஸும் நன்றாக இருந்தது. அடுத்த சந்தேகம் ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரன்ட்டை விடும் சுவிட்ச். ஹார்ன் ரிலேயும் அதே நம்பர் என்பதால் இரண்டையும் மாற்றிச் செருகினேன். ஃபேன் ஓடியது, ஹார்ன் ஊமையானது.

பழைய ரிலேயின் மூடியை நெம்பிப் பார்த்தேன். கரன்ட் கடக்கும் மிளகளவு கான்டாக்ட் ஒன்று கரியாகி, ஓரம் உருகியிருந்தது. இதற்காகவா ஹெட்டை இறக்கச் சொன்னார்கள்?

மே 8
ஜி.பி. ரோட்டில் புது ரிலே வாங்கிப் போட்டேன். அந்தத் துருத்தண்ணீரையும் விட மனமில்லை. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். தெளிவாக வரும்வரை அலசிவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். மூடியின் ரப்பரும் வெடித்திருந்ததால் அதே 1.1 அழுத்த அளவில் புதுசு போட்டேன். அழுத்தம் நின்றால்தான் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டும். ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்றுக்குமிழி அடங்கும்வரை ஓடவிட்டேன்.

மே 10
மதியம் 2 மணி, வேண்டுமென்றே கத்திப்பாரா வழி. ஏசி போட்டபடி பதினைந்து நிமிடம் நெரிசலில் நின்றேன். முன்னால் ஃபேன் ஓடும் இரைச்சல் கேட்டது. முள் நடுவிலேயே நின்றது. நாளை அம்மாவைத் தாம்பரத்திலிருந்து அழைத்து வர வேண்டும்.