பல்பு சப்பிப்போன அன்னைக்கு

நமக்கு மூலத்தொழில் பம்புசெட்டும் பைக்கும்தானுங்க, பட்டறை பவானியில. கடலுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா காவேரி பக்கத்துலயே ஓடுதுல்ல, அதனால வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு போட்டு எஞ்சினும் வந்து சேரும். அப்படி வந்ததுதான் இந்த 40 எச்பி அவுட்போர்டு, அதாவது போட்டுக்குப் பின்னால வெளிய தொங்கற எஞ்சின், டூ ஸ்ட்ரோக். ஒருத்தரு வாடகைக்கு உடற போட்டு. ஓடும், நிக்கும், மறுக்கா இழுத்தா ஓடும்.

கார்புரேட்டரைக் கழட்டுனா கப்புக்கு அடியில முத்து முத்தா தண்ணி. டேங்கு மூடி மேல காத்துக்குன்னு ஒரு திருகு இருக்கும், அதத் தொறந்தமானிக்கே உட்டுட்டு மழையில போட்டைக் கட்டியிருக்காங்க. அந்த ஓனரு "ஏனுங்ணா, நல்லதா ஒரு பில்டரு போட்டு உடுங்க, இனி இந்த ரோதனையே வரக்கூடாது"ன்னாரு.

நல்லதுன்னா எதுங்க? இருக்கறதுலயே பொடிசா சலிக்கறதுதான் நல்லதுன்னு நெனச்சு, லாரிக்குப் போடற டீசல் வாட்டர் செபரேட்டர், அதான் தண்ணியப் பிரிக்கற பில்டரு, ஒண்ண வாங்கியாந்தேன், 2 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதுல ஹோஸ் மாட்டற நிப்பிளு கால் இஞ்சு, அதையும் அப்படியே மாட்டிட்டேன். பட்டறையில ட்ரம்முல தண்ணி ரொப்பி ஓட்டிப் பாத்தா தேனாட்டம் ஓடுச்சு. நெஞ்ச நிமித்திக்கிட்டு நெரிஞ்சிப்பேட்டைக்கு எடுத்துட்டுப் போனோம், கதவணையில தண்ணி நெறஞ்சு ஏரியாட்டம் நிக்கும், பூலாம்பட்டிக்கு ஆளுங்கள ஏத்தற போட்டும் அங்கதான் போகும் வரும். பாதி ஆத்துல முழு திராட்டில் குடுத்தேன், அரை நிமிசம் சீறுச்சு, அப்பறம் மூச்சு வாங்கி நின்னுருச்சு. போட்டு ஓட்டற பையன் ஹோஸ்ல இருக்கற, பெட்ரோல கையால அமுக்கி ஏத்தற ரப்பர் பல்பைத் தூக்கிக் காட்டறான், உறிஞ்சித் துப்புன மாங்காயாட்டம் ரெண்டு பக்கமும் சப்பி ஒட்டிக் கெடக்குது. எதுத்தாப்ல போற போட்டுல அத்தன பேரும் எங்களையே பாக்கறாங்க. கவுறு கட்டித்தான் கரைக்கு இழுத்தாங்க. எனக்கு மானமே போச்சு.

பல்பு சப்பிக்குச்சுன்னா டேங்குக்கும் பல்புக்கும் நடுவுல எங்கியோ அடைக்குதுன்னு அர்த்தம். அடைச்சது நான் மாட்டுன அந்தப் பில்டருதான். ஐட்லிங்ல எஞ்சின் குடிக்கறது துளி, அதனால ட்ரம்முல ஒண்ணும் தெரியல. முழு வேகத்துல 40 எச்பி மணிக்கு 15 லிட்டருக்கு மேல இழுக்கும், அத்தனையும் பம்பு உறிஞ்சித்தான் எடுக்கோணும், பின்னால இருந்து தள்ளிவிட ஆளில்ல. அவுட்போர்டு பெட்ரோலுக்கு 10 மைக்ரான் தாராளமுங்க, ஹோஸ் மூணு நூலு (3/8 இஞ்சு), போற வழியில எல்போ வளைவு எத்தன கம்மியோ அத்தன நல்லது. இன்னொண்ணு, நிப்பிள் மரையில டெப்லான் டேப் சுத்தறது நம்ம பம்புசெட்டு பழக்கம், இங்க அது ஆகாது, டேப்பு பிரிஞ்சு நேரா கார்புரேட்டர் ஜெட்டு ஓட்டையில போய் ஒக்காந்துக்கும், பெட்ரோல் தாங்கற பேஸ்ட்தான் போடோணும். அதையும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அது தனிக் கதை.

அப்பறம் இந்த எத்தனால். பெட்ரோல்ல இருக்கற எத்தனால் தண்ணிய உறிஞ்சி வெச்சுக்கும், கலந்து கரைஞ்சு போன தண்ணிய எந்த செபரேட்டரும் பிரிக்காது. அளவு மீறுனா எத்தனாலும் தண்ணியும் சேந்து மொத்தமா அடியில எறங்கீரும், அப்ப பில்டரைக் கழுவிப் பிரயோசனமில்ல, டேங்கையே கொட்டோணும். கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில் போதுமுங்க. பில்டர்ல இருக்கறத அதுல ஊத்தி நெழல்ல கொஞ்ச நேரம் வெச்சா நடுவுல கோடு விழும், பெட்ரோல்ல கலக்கற டூடி ஆயில் கலரு மேல நிக்கும், அடியில வெளுப்பா நிக்கறதுதான் வில்லன்.

கடைசியா போட்டது 10 மைக்ரான்ல, அடியில கண்ணாடியாட்டம் பிளாஸ்டிக் கப்பும் திருகுக் குழாயும் இருக்கறது. மூடுன தகர டப்பா மாடல் வெலை கம்மி, ஆனா உள்ள தண்ணி நிக்கிறது தெரியணும்னா கழட்டோணும், கழட்டச் சொன்னா எவன் கழட்டறான். எஞ்சின் உள்ளயே இருக்கற போட்டுக்கு இந்தப் பிளாஸ்டிக் கப்பு ஆகாது, தீ பயம், நம்முளது பின்னால வெளிய தொங்கற எஞ்சின், பரவால்ல. வெயில் படாம சீட்டுக்கு அடியில, டேங்குக்கும் பல்புக்கும் நடுவுல, பையன் குனிஞ்சா கண்ணுல படற எடத்துல மாட்டினேன். மைக்ரான், லிட்டருன்னு ஓனருக்கு வெளக்குனத விட அந்தப் பையன் கை எட்டுதான்னு பாத்ததுதான் பெரிய வேலை.

2024 ஆடியில மேட்டூர் 120 அடி ரொம்பி லட்சம் கனஅடிக்கு மேல தொறந்து உட்டாங்கல்ல, ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில குளிக்கவே உடல. அந்த வாரம் காலங்காத்தால அந்தப் பையன்கிட்ட இருந்து போன் வந்துச்சு. "அண்ணா, கப்புல ரெண்டு வெரக்கடை தண்ணி நின்னுச்சுங்ணா, திருகி உட்டுட்டேன், பாட்டில்ல புடிச்சு வெச்சிருக்கறேன், நீங்க வந்து பாக்கறீங்களா?" மூடித் திருகை மூடுனியாடான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.