டீகப் பூடிலும் கால்சியம் மாத்திரையும்

இங்க சிங்கப்பூர்ல எச்டிபிங்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டுல ஒரே ஒரு நாய்தான், அதுவும் பொதுவா அனுமதிச்ச சின்ன இனமாத்தான் இருக்கணும்ங்கிறதால குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு விலைன்னு ஆகிப்போச்சு, பூடில்ங்கிற சுருள்முடி நாய்க்குட்டியை, டீ கப்புல அடங்குற அளவுன்னு காட்ட, "டீகப் பூடில்"னு போட்டு விக்கிறாங்க. அப்படி ஒரு அளவே கிடையாதுங்க! எஃப்சிஐங்கிற சர்வதேச நாய் அமைப்போட தரநிலையில, இருக்குறதுலயே சின்ன வகையான டாய் பூடிலுக்கே உயரம் 24லேருந்து 28 செ.மீ. வரைக்கும். அதுக்கும் கீழ இறக்கணும்னு சின்னதையும் சின்னதையுமே சேத்துக்கிட்டு இருந்தா குட்டிங்க சர்க்கரை குறைஞ்சு சுருண்டு விழும், தாய்க்கும் பிரசவம் கஷ்டம்.

சாப்பாட்டு விஷயம்தான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். சினையா இருக்குற நாய்க்கு நல்லதுன்னு கால்சியம் மாத்திரை குடுக்குறாங்க, டாக்டர் சொல்லாம தயவுசெஞ்சு குடுக்காதீங்க. வெளியிலேருந்து தாராளமா வந்தா எலும்புலேருந்து கால்சியம் எடுக்குற வேலையை உடம்பு குறைச்சுக்கும், அப்புறம் குட்டி போட்டு பால் குடுக்குறப்போ தேவை திடீர்னு ஏறும், ரத்தத்துல கால்சியம் சரிஞ்சிடும். மூச்சு இரைக்கும், கால் விறைக்கும், உடம்பு பூரா நடுங்கும், காய்ச்சலா கொதிக்கும். அப்போ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் வெட்கிட்ட (கால்நடை டாக்டர்) தூக்கிட்டு ஓடுங்க, உயிர் போற விஷயம் அது.

வெறும் சோறும் கோழி நெஞ்சுக்கறியும் பத்தாது, கால்சியம் ரொம்ப கம்மி, பாஸ்பரஸ்தான் ஜாஸ்தி. சினையோட கடைசி மூணு நாலு வாரமும் பால் குடுக்குற வரைக்கும் தாய்க்கும் நல்ல பப்பி ஃபுட்டே (குட்டி நாய்க்குன்னு விக்கிற தீனி) போடுங்க.

வாங்குறவங்களும் விக்கிறவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க, தாய் நாயைக் காட்டச் சொல்லுங்க, என்ன தீனி போடுறீங்கன்னு கூச்சப்படாம கேளுங்க.