ஜியாலஜி எடுத்தேன், ஜியாக்ரஃபி என்று பதிந்துவிட்டார்கள்

பியூசி, அதாவது கர்நாடகாவில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு, எழுதி ஆறு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் அந்த ஹால் டிக்கெட் விஷயத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கர்நாடகாவில் பத்தாவது முடித்துவிட்டு, பாறை, கனிமம் பற்றிப் படிக்கிற ஜியாலஜி எடுக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்துவிட்டுக் காலேஜ் ஆபீஸ் படி ஏறுங்கள். நான் அலைந்ததில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

எங்கள் ஊர் கேஜிஎஃப், கோலார் தங்க வயல். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் தெருவில் எத்தனையோ பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள், அப்பாவும்தான். தாத்தா வைத்திருந்த வெள்ளைக் குவார்ட்ஸ் கல் ஒன்று வீட்டில் உண்டு, ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடும். தங்கம் ஏன் இந்த வெள்ளைக் கல்லோடு சேர்ந்து வருகிறது என்று அவரைக் கேட்டால், "அது படிச்சவங்க சொல்லணும்மா" என்பார். எனக்கு ஆசை வந்தது அங்கேதான்.

முதல் காலேஜில் வீணாய்ப் போனது ஒரு முழு நாள். பெங்களூரில் பெரிய காலேஜ், பிசிஎம்ஜி, அதாவது இயற்பியல், வேதியியல், கணக்கோடு ஜியாலஜி என்று அவர்கள் கொடுத்த புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. அப்பா லீவு போட்டு வந்தார். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், "அந்தப் பிரிவு நடத்தி மூணு வருஷமாச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுக்கங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், போன் பண்ணும்போது "ஜியாலஜி இருக்கா?" என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் பதில் வரும். "ஜியாலஜி லெக்சரர் யாரு, போன வருஷம் எத்தனை பேர் பரீட்சை எழுதினாங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே வகுப்பு நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காலேஜில் சேர்ந்தேன், வகுப்பில் ஏழு பேர். முதல் வருடம் நன்றாகவே போனது.

சிக்கல் இரண்டாம் வருடம் பரீட்சைக்கு முன்னால்தான். பெயர், பிறந்த தேதி, பாடங்கள் எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுப்பார்கள். எல்லாரும் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற தாள் அது. நான் போட்ட பிறகு, பக்கத்தில் இருந்தவள் தன் தாளைப் பார்த்துவிட்டு, "இது என்னடி, ஜியாக்ரஃபின்னு இருக்கு?" என்றாள். ஏழு பேருக்கும் அப்படித்தான்.

ஆபீஸில் போய்ச் சொன்னால் அந்தக் கிளார்க், "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கன்னடத்தில் ஒன்று பூகோளம், இன்னொன்று பூகர்ப்பம். தமிழிலோ இன்னும் குழப்பம். பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாக்ரஃபி, நாங்கள் படிப்பது நிலவியல். சொந்தக்காரர்களே "புவியியலா, மேப் வரையுறதா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்டால் பரவாயில்லை, சேர்க்கை போடுகிற இடத்தில் அப்படிச் சொல்லலாமா? பதிவில் ஒரு வரி மாறினால் வினாத்தாளே வேறு.

திருத்தத்துக்கு முதல்வர் கடிதம், முதல் வருட மார்க் ஷீட், வருகைப் பதிவேட்டின் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் மேல் அலுவலகத்துக்குப் போனோம். கடிதத்தில் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு லீவு, இன்னொரு நாள் சம்பளம். மறுபடி போனபோது அங்கிருந்த ஒரு அம்மா ஏழு பேர் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்து, எங்கள் கண்ணெதிரேயே மாற்றிக் கொடுத்தார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஹால் டிக்கெட் வந்ததும் அந்த ஒரு வார்த்தையை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

செய்முறைத் தேர்வு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் லேபில் கற்களின் மேல் ஒட்டியிருந்த எண்களை வைத்தே பாதிப் பேர் மனப்பாடம் செய்திருந்தார்கள். தேர்வு அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தன் கற்களைக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு வந்ததில் ஒன்று கறுப்பு, கனம், பளபளப்பு. மேக்னடைட் என்கிற இரும்புத் தாது என்று எழுதப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று மெருகில்லாத பீங்கான் தட்டில் தேய்த்தேன். செக்கச்செவேல் என்று கோடு விழுந்தது. ஹெமடைட், அதுவும் இரும்புத் தாதுதான்! மேக்னடைட் என்றால் கோடு கறுப்பாக இருக்கும். கண்ணை நம்பாதீர்கள், தேய்த்துப் பாருங்கள், கையில் தூக்கிப் பாருங்கள், நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கால்சைட் என்கிற சுண்ணாம்புக் கனிமம் நுரைக்கும். ஞாயிற்றுக்கிழமை லால்பாக் போனால் கெம்பேகௌடா கோபுரத்துக்குக் கீழே இருக்கிற பாறையைக் குனிந்து பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடுகிறதே, அதுதான் நைஸ் என்கிற பாறை வகை, வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. எனக்குப் புத்தகத்தில் புரியாதது அங்கே உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது.

அப்புறம் எல்லாரும் கேட்பது, இதைப் படித்து என்ன கிடைக்கும் என்று. பிசிஎம்ஜி எடுத்தால் உயிரியல் கிடையாது, ஆகவே மருத்துவம் வேண்டும் என்கிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். கணக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், இன்ஜினியரிங் வழியும் திறந்தே இருக்கும். பியூசியில் ஜியாலஜி கிடைக்காமல் போனாலும் பிஎஸ்சியில் எடுக்கலாம், மனசு விட வேண்டாம். பிஎஸ்சிக்கு அப்புறம் ஜாம் (JAM) என்கிற எம்எஸ்சி நுழைவுப் பரீட்சையில் ஜியாலஜி தாள் எழுதி ஐஐடியில் எம்எஸ்சி போகலாம். எம்எஸ்சி முடித்தால் யுபிஎஸ்சி நடத்துகிற ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு. 1851-ல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதிலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள், பொதுப்பிரிவுக்கு வயது 32-க்குள். ராய்ச்சூர் மாவட்டத்தில் ஹட்டி தங்கச் சுரங்கம் இன்றும் ஓடுகிறது, அங்கேயும் ஜியாலஜிஸ்ட் வேலை உண்டு.

நான் எம்எஸ்சி முடித்துவிட்டு அந்த யுபிஎஸ்சி தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் விண்ணப்பம் போட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாடம் என்ற இடத்தில் விரலை வைத்து, ஜி, இ, ஓ, எல் என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்துவிட்டு, "சரி, இப்ப அனுப்பும்மா" என்றார்.