ஆப்பை நாலு தடவை டெலீட் பண்ணியவனின் அனுபவம்

தேர்வுக்குப் படிக்கும்போது போனை எப்படி விடுவது என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஆப்பை டெலீட் பண்ணு. நானும் பண்ணினேன், நாலு தடவை. நாலு தடவையும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் மறுபடி இன்ஸ்டால் செய்திருக்கிறேன் என்பதே வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அப்புறம் ஒரு வாரம் எதையும் நிறுத்தப் பார்க்கவில்லை. கை போனுக்குப் போகும்போதெல்லாம் மணி என்ன, என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன், அவ்வளவுதான். வரலாறு படிக்கும்போது கை அசையவே இல்லை. நிகழ்தகவுக் கணக்கில் இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டால் மட்டும் அடுத்த நொடி போன் கையில் இருக்கிறது! ஆக, பகலில் கணக்கு தரும் எரிச்சல், ராத்திரியில் தூக்கம் வராத வெறுமை என்று இரண்டு வேறு ஓட்டைகள், அதை நான் ஒரே துணியால் அடைக்கப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரிக்குத் தூரம்தான் மருந்து. தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டு, போனை அணைத்துப் பையில் போட்டுப் பரணில் வைத்தேன். எடுக்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், அந்தச் சத்தத்துக்கு வீடே விழித்துக்கொள்ளும்.

பகலில் அது செல்லாது, குறிப்பெல்லாம் போனில்தான் இருந்தது. அங்கே கை கொடுத்தது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன 'இப்படி ஆனால் இதைச் செய்வேன்' என்ற முன்கூட்டிய முடிவு. கணக்கில் மாட்டினால் எழுந்து நின்று கேள்வியை ஒருமுறை சத்தமாக வாசிப்பேன் என்று எழுதி ஒட்டினேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பாதிக் கணக்கு வாசிக்கும்போதே பிடிபட்டது. அதற்கும் அடங்காத நாளில், ஆசை அலை மாதிரி ஏறித் தானாக இறங்கும் என்று போதைப் பழக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லாட் சொன்னதை நம்பி, கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். இறங்கும், ஆனால் முதல் சில தடவை உயிர் போகிற மாதிரி இருக்கும்.

சறுக்கும் நாளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஒரு நாள் தவறியதும் 'எல்லாம் போச்சு' என்று முழுசாக விழுவதுதான் என்னை அதிகம் கெடுத்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள். பழக்கங்களை ஆராயும் பிலிப்பா லாலி குழுவின் ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக வர ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள், நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் தவறினால் நோட்டில் ஒரு புள்ளி, அடுத்த மணி நேரம் வழக்கம்போல.

இதெல்லாம் போன், கேம் மாதிரியானவற்றுக்கு. தினமும் குடிப்பவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தினால் உடம்புக்கே ஆபத்தாகலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு இன்னும் ஞாயிறு மாலை என்ற ஓட்டை மட்டும் அடைபடவில்லை. நோட்டில் அந்த வரிசை முழுக்கப் புள்ளிதான்.