முதல் தேதி

"அன்னைக்கே சரின்னு சொல்லியிருக்கலாமோ தம்பி?"

வீட்டை விற்றுத் தரச் சொல்லி என்னிடம் வந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். கோபமாகக் கேட்கவில்லை. தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, கடையில் வெங்காய விலையை விசாரிக்கிற மாதிரி கேட்டார். "ஆமாக்கா, சொல்லியிருக்கலாம். பொறுங்கன்னு சொன்னது நான்தான்" என்பதுதான் அதற்குப் பதில். எனக்கு அது தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் 1964ஆம் ஆண்டு சிங்கப்பூர் இனக்கலவரத்தில் தொடங்கி ஒரு கால் மணி நேரம் வேறு ஏதோ பேசினேன்.

சொத்து முகவராகப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கைக்கு வந்து நழுவிய வியாபாரங்கள் எத்தனையோ. எதையும் நான் இப்படித் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, வீடும் விற்றுவிட்டது, அக்கா என்மேல் குறையும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சாப்பாட்டு மேசைக்கு நான் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேன்.

யீஷூனில் வீவகவின், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், நாலறை அடுக்குமாடி வீடு. அக்காவும் கணவரும் 1987இல் வாங்கியது. கணவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், தவறிவிட்டார். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஈரறை ஃபிளெக்ஸி என்கிற சின்ன வீவக வீடு ஒன்று அக்காவுக்குக் கிடைத்து, சாவியும் வாங்கியாயிற்று. புது வீட்டுச் சாவி வாங்கினால் ஆறு மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றாகவேண்டும். அந்தக் கெடு தேதியை என் கைபேசியில் குறித்து வைத்திருந்தேன்.

2021ஆம் ஆண்டு அது. கொவிட்டால் புதிய வீடுகளின் கட்டுமானம் தள்ளித் தள்ளிப் போக, காத்திருக்க முடியாத இளம் தம்பதிகள் எல்லாரும் மறுவிற்பனைச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்படித்தான் அந்தச் சீனத் தம்பதி வந்தார்கள். மாதத்தின் இரண்டாவது வாரம். மனைவிக்கு ஐந்து மாதம். சமையலறைச் சன்னலருகே நின்று, இங்கே குழந்தை நாற்காலி போடலாம் என்று கணவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. 405,000 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள்.

"குடுத்துடலாமே தம்பி. நல்ல பிள்ளைங்களா இருக்காங்க" என்றார் அக்கா.

"ரெண்டு வாரம் பொறுங்கக்கா. நானூத்திப் பதினஞ்சு வரும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. விலை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து புளோக்கில் அதே அளவு வீடு அதிக விலைக்குப் போயிருந்தது. வீட்டுக்காரருக்கு நல்ல விலை வாங்கித் தருவதுதான் என் தொழில். கமிஷனுக்காகச் சொன்னேன் என்று யாராவது நினைத்தால் அதுவும் சரியில்லை. 10,000 வெள்ளி கூடினால் 2 விழுக்காட்டில் எனக்குக் கிடைப்பது 200 வெள்ளி. அதற்காக யாரும் இரண்டு வாரம் அலையமாட்டார்கள். ஆனால் எண்ணிப் பார்க்கையில் இன்னொன்றும் தெரிகிறது. 415,000 என்று என் விளம்பரத்தில் போட்டுக்கொண்டால் அந்த வட்டாரத்தில் அடுத்த வீடும் எனக்கு வரும். அந்த நினைப்பு அன்று மனத்தில் இருந்ததா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று பிரித்துச் சொல்ல இப்போது முடியவில்லை.

ஒரு வீவக புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு வைப்பது இன ஒருங்கிணைப்புக் கொள்கை. அதன் கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாறும். அந்த மாதம் அந்த புளோக் எல்லாருக்கும் திறந்திருந்தது. நான் பார்த்துத்தான் விளம்பரம் போட்டேன். அடுத்த முதல் தேதி காலையில் புளோக் எண்ணை அடித்தபோது சீனர்களுக்கு இடமில்லை என்று வந்தது. அதே புளோக்கில் வேறொரு வீடு கைமாறியிருக்கவேண்டும். ஒரு புளோக்கில் சீனர்களுக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரர்களுக்கு 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. வரம்பைத் தொட்டுவிட்டால் அந்த இனத்தவர் அதே இனத்தவரிடமிருந்து மட்டும்தான் வாங்கலாம். அக்கா சீனராக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு மறுநாளே விற்றிருக்கலாம். இரண்டாவது வாரத்திலேயே சரி என்று சொல்லி, அந்த மாதத்துக்குள் விண்ணப்பமும் போயிருந்தாலும் விற்றிருக்கலாம். ஒன்று அவர் பிறப்பு, இன்னொன்று என் பேச்சு.

பிறகு இரண்டு மாதம். ஒன்பது குடும்பங்கள் வந்து பார்த்தார்கள். கடைசியில் மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு மலாய்க் குடும்பம் 372,000 வெள்ளிக்கு வாங்கியது. அவர்களுடைய முகவர் பேரம் பேசும்போது, "உங்க புளோக் நிலவரம் எனக்கும் தெரியும்" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். அதற்குமேல் பேச எனக்கு எதுவும் இல்லை. கெடுவும் நெருங்கிவிட்டது. விற்ற பணத்திலிருந்து, வீடு வாங்க மத்திய சேமநிதியில் எடுத்த தொகையும் அதற்கான வட்டியும் சேமநிதிக்கே திரும்பிப் போகும். மிஞ்சுவதுதான் கையில் ரொக்கம். 34 வருடத்து வட்டியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 33,000 வெள்ளி என்பது அக்காவுக்குச் சின்னத் தொகை இல்லை. எனக்கு நஷ்டம் 660 வெள்ளி.

ஓடிபியில், அதாவது வீட்டை வாங்கும் உரிமையைக் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்ட அன்று மாலைதான் அந்தக் கேள்வி வந்தது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 1964இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் இங்கே கலவரம் நடந்ததைச் சொன்னேன். 1960இல் வீவக தொடங்கியதையும், அடுத்த வருடம் புக்கிட் ஹோ சுவீயில் தீப்பிடித்து 16,000 பேர் போல வீடிழந்ததையும், கம்பத்து வீடுகளிலிருந்து, அதாவது கிராமத்துக் குடிசைகளிலிருந்து, ஜனங்களை அடுக்குமாடிக்குக் கொண்டுவந்தபோது எல்லா இனமும் கலந்து குடியேறியதையும் சொன்னேன். பிறகு மறுவிற்பனை பெருகியதும் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங் பக்கம் சீனர்கள் என்று மறுபடி கூட்டம் கூட்டமாகச் சேரத் தொடங்கினார்கள் என்றேன். அதனால்தான் 1989 மார்ச் 1ஆம் தேதி இந்தக் கொள்கை வந்தது, அதைக் கொண்டுவந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன், நம்மவர் என்றேன். கடைசியாக, "இது நம்மளப் பாதுகாக்கத்தான்க்கா இருக்கு" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நீ சொன்னா சரிதான் தம்பி. நாங்க வாங்கினப்ப இதெல்லாம் இல்லை" என்றார். தேநீர் ஆறிப்போச்சு, வேற போடவா என்று கேட்டார்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னைப் பாடாய்ப்படுத்துகிறது. ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்னொரு நாள் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

அந்தக் கொள்கையில் எனக்கு அன்றும் நம்பிக்கை இருந்தது, இன்றும் இருக்கிறது. வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் முகவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டைப் பற்றி விசாரிக்கத் தொலைபேசியில் அழைப்போம். எல்லாம் பேசி முடித்த பிறகு, குடியிருக்கப் போகிறவர் எந்த நாடு, என்ன இனம், சமைப்பாரா என்று கேட்பார்கள். இந்தியர் வேண்டாம் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. பேசுவது யாரென்று தெரியாமல் சொன்னவர்களும் உண்டு, தெரிந்தே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. அந்த வீட்டை வாடகைக்குத் தேடியவருக்குத் திரும்ப அழைத்து, அது போயிடுச்சு சார் என்று நான் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் மனிதர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டால் நாம் எங்கே குடியிருப்போம் என்பதை அந்த அழைப்புகளிலிருந்தே கற்றுக்கொண்டேன். நான் வளர்ந்தது அங் மோ கியோவில். பள்ளிவிட்டு வந்தால் எங்கள் வீட்டுச் சாவி அடுத்த வீட்டு மக்சிக்கிடம்தான், அந்த மலாய் அம்மாவிடம்தான், இருக்கும். 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் வீவக வீட்டில் இருக்கிற ஊரில், யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் என்பதை ஒருவர் யோசித்துத்தான் ஆகவேண்டும். அது தானாக நடக்காது.

ஆகவே அக்காவிடம் சொன்னதை மறுபடியும் சொல்லுவேன். வேறொரு நாளில், வேறொரு கேள்விக்கு.

ஆனால் நம்புகிறேன் என்று எழுதியதும், அந்த 33,000 வெள்ளி முன்னால் வந்து நிற்கிறது. எல்லாரும் கலந்து வாழ்வதால் ஊர் முழுவதற்கும் நன்மை. அந்த நன்மைக்கான செலவை ஊர் முழுவதும் பங்கு போட்டுக்கொள்வதில்லை. வரம்பு நிறைந்த புளோக்கில், அந்த மாதம் விற்க வந்தவர் கட்டிவிட்டுப் போகிறார். சீனர் வீட்டை எல்லா இனத்தவரும் வாங்கலாம். அக்கா வீட்டைச் சிறுபான்மையினர் மட்டும் வாங்கலாம். ஆள் குறைந்தால் விலை குறையும், இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நாடாளுமன்றத்திலும் இது பேசப்பட்டதுதான். 2010இல் இந்தியர், மற்றவர்களுக்கான புளோக் வரம்பை 13லிருந்து 15 விழுக்காட்டுக்கு உயர்த்தினார்கள். இப்படி விற்க முடியாமல் சிரமப்படுகிறவர்கள் குறைந்தது பத்து வருடம் வீட்டை வைத்திருந்தால், தகுதியைப் பார்த்து வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் 2022இல் வந்தது. அக்கா வைத்திருந்தது 34 வருடம். விற்றது அதற்கு முந்தைய வருடம். அந்த ஏற்பாட்டில் அவருக்கு 405,000 கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று பேருந்தில் இருந்தேன், இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை.

அப்புறம் அந்த மலாய்க் குடும்பம். சாவி வாங்க வந்த அன்று அந்தத் தாய், இந்த எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலறை வீடு வாங்க முடியும் என்று நினைத்ததே இல்லை என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா இழந்த பணம்தான் அவர்களுக்குக் கட்டுப்படியான வீடாகியிருக்கிறது. கட்டுப்படியான வீடு, நியாயமான வீடு என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த வாசலில் இரண்டும் கைகோத்துக்கொண்டு எதிரெதிராக நின்றன. இது சரி, இது தவறு என்று பிரித்துவிட எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பிள்ளைகள் அறை அறையாக ஓடியது அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லி நான் என்னைத் தேற்றிக்கொள்வதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கலப்புத் திருமணக் குடும்பங்கள் கணவன், மனைவி இருவரில் யாருடைய இனத்தின்படியும் வாங்கலாம். சீனக் கணவர், தமிழ் மனைவி என்றால் இந்தியக் குடும்பமாகவே அந்த வீட்டை வாங்கியிருக்கலாம். தேர்வுக்குப் படித்த பாடம் அது. விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நாலு பேர் வந்திருப்பார்கள். வீடு கைமாறி மூன்று வாரம் கழித்து, ஒரு மின்தூக்கியில் அப்படியொரு தம்பதியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் திரும்பி வந்திருக்காது. என் மனம் லேசாகியிருக்கும், அக்காவுக்கு ஒரு புதுக் கவலை முளைத்திருக்கும். சட்டத்தால் போனது என்றால் ஆறிவிடும், நம்பின ஆளால் போனது என்றால் ஆறாது. அப்படிப் பார்த்தால் நான் செய்தது சரிதான் என்று சில இரவுகளில் தோன்றும். விடிந்ததும், இந்த நியாயத்தையும் எனக்கு வசதியாகத்தானே கண்டுபிடித்தேன் என்று தோன்றும். சட்டத்தின் மேல் பழியைப் போட்டால்கூடப் பரவாயில்லை. நான் அதன் பெருமையைப் பேசி, அந்தப் பெருமைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அக்கா கேட்டது இனங்களைப் பற்றி இல்லை. இரண்டு வாரத்தைப் பற்றி.

போன மாதம் ஒரு பெண்மணி அழைத்தார். அக்காவின் பழைய புளோக்கில் நாலு மாடி கீழே இருப்பவர், அவரும் தமிழர். விற்கவேண்டுமாம். அக்காதான் என் எண்ணைக் கொடுத்தாராம்.

"எல்லாத்தையும் பொறுமையா விளக்கிச் சொல்வீங்கன்னு அக்கா சொன்னாங்க. நம்ம ஆளுங்க வித்தா விலை கொஞ்சம் கம்மியாத்தான் வருமாம், அது நம்ம நல்லதுக்குத்தானாம். அதனால நான் பெருசா ஒண்ணும் எதிர்பார்க்கலை தம்பி."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புளோக் எண்ணை அடித்துப் பார்த்தேன். எல்லா இனத்துக்கும் திறந்திருந்தது. அன்று தேதி நான்கு.

"இந்த மாசம் யார் வேணும்னாலும் வாங்கலாம்க்கா. யாராவது நல்ல விலை சொன்னா, நான் பொறுக்கச் சொன்னாலும் நீங்க பொறுக்காதீங்க" என்றேன்.

"ஏன் தம்பி?" என்று கேட்டார்.

அவரிடம் சொன்னேன். முழுவதையும். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.