கேஸ் ஷீட்டில் இல்லாத 19 வருடங்கள்

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு தோள் இறுகிப்போனவர்களும் கை வீங்கியவர்களும்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். ஒருவரைப் பார்ப்பதற்கு முன் கேஸ் ஷீட்டைப் படித்துவிடுவேன். எந்தப் பக்கம், எந்த வருடம், அக்குளில் எத்தனை நிணநீர் முடிச்சுகளை (lymph nodes) எடுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்களா. இந்த நான்கும் தெரிந்தால் போதும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு 68 வயது. அறுவை நடந்து 19 வருடங்கள் ஆகியிருந்தன. வலத் தோள் வலி என்று வந்தார். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. கேஸ் ஷீட்டில் மொத்தம் ஐந்து வரிகள், அதில் கடைசி வரி 'நோய் அறிகுறி இல்லை'. சுவரில் விரல்களால் மெல்ல மேலே ஏறும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோது தோள் அப்படியே இருந்தது. வீட்டில் செய்யவே இல்லை என்றார். 'பயிற்சியில் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அப்படி எழுதியதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

அந்தச் சமயத்தில் இளையவர்களுக்கு வகுப்பெடுப்பதற்காக இந்த அறுவையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவலாக்கிய முறையில், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். நோய் திரும்ப வரக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் நிணநீர் வடியும் வழி அடைபட்டு எத்தனையோ பெண்களுக்குக் கை வீங்கியது. ஹால்ஸ்டெட்டே 1921-இல் அந்த வீக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்படியும் பல பத்தாண்டுகளுக்கு அந்த அறுவைதான் வழக்கமாக இருந்தது. 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் தொடங்கிய ஆய்வில் 1,665 பெண்கள் சேர்ந்தார்கள். தசையையும் சேர்த்து எடுப்பதால் யாரும் கூடுதல் காலம் வாழவில்லை என்பதை அவர்களை 25 வருடம் பின்தொடர்ந்து உறுதிசெய்தார்கள். அந்த முடிவு வெளியான வருடம் 2002.

இதெல்லாம் மருத்துவர்கள் எழுதிய வரலாறு. என்னை நிறுத்தியது ஒரு நோயாளி எழுதிய கடிதம். ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பரில் பாரிஸில் வலது மார்பகத்தை அகற்றினார்கள். அப்போது அவருக்கு 59 வயது. ஈதர் மயக்கம் பொதுவில் செய்துகாட்டப்பட்டதே 1846-இல்தான். எனவே முழு நினைவோடுதான் படுத்திருந்தார். முகத்தில் மெல்லிய கைக்குட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள். துணி வழியே கத்தியின் பளபளப்புத் தெரிந்தது என்று பல மாதங்கள் கழித்துத் தன் அக்காவுக்கு எழுதினார். எழுதியதைத் திரும்பப் படிக்க அவரால் முடியவில்லை. அதன் பிறகு 28 வருடங்கள் வாழ்ந்தார். 80 வயதில் தன் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

படித்து முடித்ததும் என் நினைப்பு அவருடைய வலக் கைக்குத்தான் போனது. அத்தனை பக்கங்களை எழுதிய கை! அப்படியே அந்த அம்மாவின் கையும் நினைவுக்கு வந்தது. இந்த 19 வருடமும் அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி வாழ்ந்தார் என்று நான் கேட்கவே இல்லையே.

அடுத்த முறை வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆபரேஷன் முடிஞ்சதிலிருந்து சொல்லுங்கம்மா. இந்தக் கை எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் யாரோ ஒருவர் சொன்னாராம்: "இந்தக் கையைத் தூக்காதீங்க, வெயிட் எடுக்காதீங்க." எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அப்புறம் துணி காயப்போடுவது இடக் கையால். பேத்தி பிறந்தபோது உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கினாரே தவிர, ஒருநாளும் நின்றபடி தூக்கவில்லை. பின்னால் கை போகாததால் கொண்டை போட முடியாமல் முடியை வெட்டிக்கொண்டார். மருந்தால் கொட்டிய முடி வளரவே இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அவரும் மறுக்கவில்லை. "நீ சுவர்ல ஏத்தச் சொன்னே கண்ணு. அவங்க தூக்காதேன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார்.

ஒத்துழைப்பு இல்லை என்று நான் எழுதியது அவரைப் பற்றி! சொன்ன சொல்லை 19 வருடம் மீறாமல் காத்தவர்.

அந்தத் தடையைச் சொன்னவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. வீங்கிய கைகளைப் பார்த்துப் பார்த்து வந்த பயம் அது. வாய்வழியாகவே தலைமுறைகளைத் தாண்டி வந்துவிட்டது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு அதை நேரடியாகச் சோதித்தது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினர் ஒரு வருடம், வாரம் இரண்டு முறை, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்து, எடையை மெதுவாகக் கூட்டிக்கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவதும் தூக்காதவர்களைவிட அவர்களுக்குக் குறைவு. கூடவே கையில் பலமும் வந்தது. வயது ஏற ஏற தசை தானாகவே குறையும். 49 வயதில் சும்மா வைத்த கை 68-இல் என்ன ஆகும் என்பதை மூட்டு அசையும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் நான் பார்த்திருந்தேன்.

சுவரை விட்டுவிட்டுப் படுத்த நிலையில் தொடங்கினோம். முதலில் இடக் கையால் வலக் கையைப் பிடித்துத் தூக்குவது. ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் தன் கையின் சுற்றளவை அளக்கச் சொல்வார், நானும் அளப்பேன். பயிற்சியில் பாதி நேரம் அந்தப் பயத்துக்குத்தான் போனது. போகட்டும் என்றுதான் விட்டேன். நான்கு மாதத்தில் கை உயரும் கோணம் 80 பாகையிலிருந்து 130 ஆனது. அரைக் கிலோ எடையும் தூக்கினார்.

இப்போது என் குறிப்புத்தாளில் 'அவர் சொன்னது' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதை முதலில் நிரப்பிய பிறகுதான் பாகைகளுக்குப் போகிறேன். நேரம் பிடிக்கிறது, வரிசை நீள்கிறது, சில நாள் மேலிருந்து கேள்வியும் வருகிறது. ஆனாலும் அந்தக் கட்டத்தை நான் எடுக்கப்போவதில்லை.

கடைசி நாளில் அந்த அம்மா ஒரு காகிதம் கேட்டார். "கையைத் தூக்கலாம்னு எழுதிக் கொடு கண்ணு. அன்னைக்கு யாரும் எழுதித் தரல." வலக் கையைத் தூக்கலாம், படிப்படியாக எடையும் எடுக்கலாம் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பையை வலக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.