தங்கக் கால்சட்டையும் ஆயிரம் டாலர் ஜெர்சியும்

ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி தன் நெடுநாள் போட்டியாளரான மிச்சிகனை வெல்லும் ஒவ்வொரு முறையும், அணியின் வீரர்களுக்குக் கால்சட்டை வடிவில் சிறியதொரு தங்கப் பதக்கம் தரப்படுகிறது. மிச்சிகன் வீரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டையை மாட்டுகிறார்கள் என்று 1934-இல் அன்றைய பயிற்சியாளர் பிரான்சிஸ் ஷ்மிட் சொன்னதிலிருந்து பிறந்த வழக்கம் இது. வியர்வை சிந்தி வென்ற ஆட்டத்துக்காக வீரனின் கையில் கொடுக்கப்படும் பரிசு அது. ஆனால் கல்லூரியில் படிக்கும்வரை அதை விற்கும் உரிமை அவனுக்கு இல்லை என்பது 2010 டிசம்பரில்தான் பலருக்குத் தெரியவந்தது.

அந்த மாதம், அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் டெரெல் பிரையர் உள்ளிட்ட ஐந்து வீரர்கள் அடுத்த பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் ஆடக் கூடாது என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு தடை விதித்தது. தங்கக் கால்சட்டை, சாம்பியன்ஷிப் மோதிரம், ஜெர்சி போன்றவற்றை விற்றதும், பச்சை குத்திக்கொள்வதில் சலுகை பெற்றதும்தான் அவர்கள் மீதான குற்றச்சாட்டு. பிரையர் திருப்பிக் கட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்ட தொகை 2,500 டாலர். என்னை அன்றும் இன்றும் வருத்துவது அந்தத் தடையின் நீளம் அல்ல, அது தொடங்கிய நாள். பருவ முடிவில் தேர்ந்த அணிகளுக்காக நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான, இரண்டே வாரத்தில் வரவிருந்த சுகர் பவுல் ஆட்டத்தில் மட்டும் அதே ஐவரும் ஆடலாம் என்று என்சிஏஏ அனுமதித்தது. விதிகளைப் பற்றி அவர்களுக்குப் போதிய அளவு எடுத்துச் சொல்லப்படவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் உண்மையானால் அடுத்த பருவத்தின் தடையும் நியாயமில்லை. அது உண்மையில்லை என்றால், நாடே பார்க்கும் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் விதி ஏன் வளைந்தது என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2011 ஜனவரி 4 அன்று அவர்கள் ஆடினார்கள், ஆர்கன்சாவை 31–26 என்று வென்றார்கள். பிறகு அந்த வெற்றியும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

அந்த விவகாரத்தில் பெரிய பிழை பயிற்சியாளர் ஜிம் டிரெசலுடையது. வீரர்கள் பொருள்களை விற்பது 2010 ஏப்ரலிலேயே மின்னஞ்சல் வழியாக அவருக்குத் தெரிந்திருந்தும், அவர் அதை மறைத்தார். 2011 மே மாதத்தில் பதவி விலகினார். அதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் 2012 பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது என்று அணி முழுவதற்கும் தடை வந்தது. அந்த ஆண்டு ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் ஓஹாயோ ஸ்டேட் வென்றது. ஒரு மோதிரத்தைக்கூட விற்காத இளைஞர்கள், ஒரு தோல்வியும் காணாமல், நவம்பரோடு பருவத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அதே 2010-இல், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ. ஜே. கிரீன், இண்டிபெண்டன்ஸ் பவுல் ஆட்டத்தில் தான் அணிந்திருந்த ஜெர்சியை ஆயிரம் டாலருக்கு விற்றதற்காக நான்கு ஆட்டங்கள் வெளியே உட்கார வைக்கப்பட்டார். அன்று ரசிகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஜெர்சிகளில் வீரரின் பெயர் இருந்ததில்லை, எண் மட்டும்தான் இருந்தது. பெயர் இல்லாததால் அது யாருடைய ஜெர்சியும் அல்ல என்பது அவற்றை விற்றவர்களின் வாதம். அந்த வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதை, கூடைப்பந்து வீரராக இருந்து பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளரான ஜே பிலாஸ் 2013 ஆகஸ்டில் ஒரே நாளில் காட்டிவிட்டார். என்சிஏஏ-வின் சொந்த இணையக் கடையில், தேடுமிடத்தில் அவர் மான்செல் என்று தட்டச்சு செய்தார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் 2-ஆம் எண் ஜெர்சி வந்து நின்றது. வேறு வீரர்களின் பெயர்களைப் போட்டாலும் அவரவர் எண் வந்தது. ஜானி மான்செல் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டாரா என்று அதே அமைப்பு விசாரித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. அந்த வாரமே அத்தகைய விற்பனையை நிறுத்துவதாக என்சிஏஏ அறிவித்தது. மான்செலுக்கு ரைஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் முதல் பாதியில் ஆடத் தடை விதிக்கப்பட்டது.

டாட் கர்லியின் கதையைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஜார்ஜியாவின் ரன்னிங்பேக்காக, அதாவது பந்தை ஏந்தி ஓடும் வீரராக இருந்த அவர், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பைக்குப் பேசப்பட்டுக்கொண்டிருந்த 2014 அக்டோபரில் அணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். கையெழுத்திட்ட பொருள்களுக்காக இரண்டு ஆண்டுகளில் மூவாயிரம் டாலருக்குச் சற்று அதிகமாக வாங்கியிருந்தார் என்பது குற்றம். நான்கு ஆட்டத் தடை, நாற்பது மணி நேரச் சமூகப் பணி. நவம்பர் 15 அன்று ஆபர்ன் அணிக்கு எதிராக அவர் மீண்டும் களமிறங்கினார். அன்று அவர் கைக்கு முதலில் வந்தது எதிரணி உதைத்து அனுப்பிய பந்து. அதை ஏந்தி நூறு கெஜம் ஓடிக் கோட்டைத் தொட்டார். சக வீரர் ஒருவரின் விதிமீறலால் அது செல்லாது என்று நடுவர்கள் அறிவித்தார்கள். ஆனாலும் ஆட்டம் முழுவதும் ஓடி 138 கெஜம் சேர்த்தார். வெற்றி ஏறக்குறைய உறுதியாகிவிட்ட கடைசிக் கட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அத்துடன் அவருடைய கல்லூரி ஆட்டம் முடிந்தது. ஓட்டத்தைத் தவிர வேறு சொத்தில்லாத ஓர் இளைஞனின் முழங்கால், எந்த வருமானமும் இல்லாத காலத்தில், ஒரு நொடியில் போனது. அவர் தேறி வந்து தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்றார் என்பது நல்லூழ். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

இதையெல்லாம் சொல்வதால் விதியே வேண்டாம் என்கிறேன் என்று எண்ணிவிடக் கூடாது. டல்லாஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு வகை. அங்கே பூஸ்டர் எனப்படும் வசதிபடைத்த ஆதரவாளரின் பணம், விளையாட்டுத் துறையினருக்குத் தெரிந்தே, 1985–86 கல்வியாண்டில் பதின்மூன்று வீரர்களுக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்த சில மாதங்களையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 61,000 டாலர். ஏற்கெனவே ஒருமுறை தண்டிக்கப்பட்ட பிறகும், வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கொடுக்கல் தொடர்ந்தது. அதற்கு ஒப்புதல் தந்தவர்களில் தானும் ஒருவர் என்று, அந்தப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தலைவராக இருந்து பிறகு டெக்சாஸ் ஆளுநராகப் பொறுப்பேற்றிருந்த பில் கிளெமென்ட்ஸ் 1987 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய மாதமே அந்தப் பல்கலைக்கழகத்தின் 1987 பருவம் முழுவதையும் என்சிஏஏ ரத்து செய்திருந்தது. 1988-இல் பல்கலைக்கழகம் தானாகவே ஆடாமல் நின்றது. அதன் பிறகு ஒரு பவுல் ஆட்டத்தை அந்த அணி எட்டிப் பார்க்க 2009 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதிகாரத்தில் இருப்பவர்கள் மறைவில் பணம் கொடுத்து மாணவனை விலைக்கு வாங்குவது ஒன்று. மாணவன் தன் சட்டையையும் தன் கையெழுத்தையும் விற்பது முற்றிலும் வேறொன்று. விதிப்புத்தகம் இரண்டையும் முறையற்ற ஆதாயம் என்ற ஒரே தலைப்பில் அடைத்தது. என் மனத்தாங்கல் அதுதான்.

2021 ஜூன் 21 அன்று, வீரர்களுக்கான கல்விச் சலுகைகளுக்கு வைக்கப்பட்ட வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றைக் கொண்டு சம்பாதிக்கலாம் என்றாயிற்று. கர்லி செய்த அதே காரியம், ஏழு ஆண்டுகளுக்குள், விளம்பரப்படுத்திச் செய்யத்தக்க தொழிலாகிவிட்டது. தெற்குக் கலிஃபோர்னியா அணியின் ரெஜி புஷ் 2010-இல் இழந்த ஹெய்ஸ்மன் கோப்பை 2024 ஏப்ரலில் அவரிடமே திரும்பி வந்தது. அவருடைய வழக்கு சற்றுச் சிக்கலானது. அவருடைய குடும்பத்துக்கு வீடும் பணமும் தந்தவர்கள் முகவர் தொழிலில் நுழைய விரும்பியவர்கள். எனினும் கோப்பையைத் திருப்பித் தந்தது சரி என்றே நினைக்கிறேன். 2010-இல் ஓஹாயோ ஸ்டேட் பெற்ற வெற்றிகள் மட்டும் இன்னும் நீக்கப்பட்ட வெற்றிகளாகவே இருக்கின்றன.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட, வருமானத்தில் பங்கு கேட்டு வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் 2025–26 கல்வியாண்டில் தன் வீரர்களுக்கு 20.5 மில்லியன் டாலர்வரை நேரடியாகவே பகிர்ந்தளிக்கலாம். வெளியார் தரும் ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் தெரிவித்துவிட வேண்டும். உண்மையான வணிக நோக்கம் உண்டா என்று பார்க்கப்படும். நான் மேலே சொன்ன வேறுபாட்டை விதி எழுதுகிறவர்கள் ஒருவழியாகக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதற்கு இது அடையாளம். அதே உடன்பாட்டில், முன்பு ஆடியவர்களுக்கு இழப்பீடாக ஏறத்தாழ 2.8 பில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு 2016-லிருந்துதான் தொடங்குகிறது. கர்லி ஜார்ஜியாவுக்காகக் கடைசியாக ஓடியது 2014 நவம்பரில்.